இருபதாம் நம்பர் மூக்கு

என் ஒன்பதாவது வயதில் நான் கடவுளைப் பார்த்தேன். அவர் உள்ளங்கை அகல எஃகு வட்டமாக, திருவொற்றியூர் கம்பி ஆலையில் வேலை செய்த அத்தை மகனின் சட்டைப்பையில் இருந்தார்.

வட்டத்தின் விளிம்பைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாகப் பிளவுகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு நம்பர். கம்பி எந்தப் பிளவில் ஆடாமல் நுழைகிறதோ அதுதான் அதன் நம்பர். எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த அவரை நானும் அக்காவும் மாமா என்போம். மாமா குளிக்கப் போகும் நேரமெல்லாம் வட்டம் என் கையில் இருக்கும். கொடிக்கம்பி, தூண்டில் முள், அம்மாவின் கொண்டை ஊசி என்று எதை நுழைத்தாலும் அதற்கொரு நம்பர் இருந்தது. படைத்தவன் எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறான் என்று எனக்குப் புல்லரித்தது.

அதைவிடப் பெரிய அதிசயம், நம்பர் ஏற ஏறக் கம்பி மெலிவது.

"தடிக் கம்பிய ஓட்டைல வுட்டு இழுப்போம். அப்பால அதவிட சின்ன ஓட்டை. இழுக்க இழுக்க நம்பரு ஏறும், ஒடம்பு எளைக்கும்" என்றார் மாமா.

இந்தச் சாஸ்திரம் என் பள்ளிக்கூடத்துக்கு எட்டாமல் போனது துரதிர்ஷ்டம். என் கணக்கு மார்க்குக்கு நான்தான் வகுப்பிலேயே தடித்த கம்பி.

அந்த வருஷம் அக்காவுக்கு யானைக்கவுனிப் பாத்திரக்கடைக்காரர் வீட்டில் சம்பந்தம் பேசினார்கள். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் தாயார் தன் கையால் பெண்ணுக்கு மூக்குத்தி போடுவது அவர்கள் வழக்கம். தண்டு என்ன கனம் வேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். அக்கா மூக்குத் துளையில் செருகியிருந்த ஈர்க்குச்சியை எடுத்துக் கொடுத்தாள். மாமா பிளவில் வைத்துப் பார்த்து, "இருபது" என்றார். ஈர்க்குச்சியை வெகுநேரம் கீழே வைக்கவில்லை. ஆலைப் பழக்கம் என்று நினைத்தேன்.

அம்மா பதறினாள். "இருபதா? பொண்ணு மூக்குடா அது, முனிசிபாலிட்டி கொழாயா? நாலு நம்பர் கொறச்சி பதினாறுன்னு சொல்லு, போதும்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். மாமா அவளைப் பார்த்தார். அவள் முறத்திலிருந்த நெத்திலியைப் பார்த்தாள்.

"சரி அத்தே. நானே ஆசாரியாண்ட சொல்லிட்டு வரேன்" என்று மாமா சைக்கிளை எடுத்தார்.

நிச்சயத்தன்று மூக்குத்தியின் கல் மின்னியது. தண்டுதான் சுவரில் அடிக்கும் ஆணிபோல் இருந்தது. மாப்பிள்ளையின் தாயார் நுழைத்துப் பார்த்தார், திருகினார், எண்ணெய் தொட்டு அழுத்தினார். அக்காவின் கண்ணில் நீர் முட்டியது. தலையை மட்டும் அசைக்கவில்லை.

"மொத நகையே உள்ள போவ மாட்டேங்குது. இது தோதுப்படாது, எய்ந்திருடா" என்று மகனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தாம்பூலத் தட்டு மாறாமல் அப்படியே கிடந்தது.

"அளவு சொன்ன பேமானி எவன்?" என்று அப்பா கத்தினார்.

"நான்தான் மாமா" என்று எங்கள் மாமா அவர் முன்னால் வந்து நின்றார்.

அம்மா திடீரென்று அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

அன்று மாலை மாமாவிடம் ரகசியமாகக் கேட்டேன்: "கொறச்சா தடிக்கும்னு நீதான சொன்ன? உனுக்கே மறந்துபோச்சா?"

அவர் வட்டத்தை எடுத்து என் கையில் வைத்தார். "நீயே வெச்சிக்க."

தொழிலே மறந்துபோன மனிதருக்கு இது எதற்கு என்று பரிதாபப்பட்டு வாங்கிக்கொண்டேன்.

மூக்குத்தி நுழையாத பெண் என்று பேச்சு பரவியதில் வேறு வரன் வரவில்லை. அடுத்த தையில் அப்பா அக்காவை மாமாவுக்கே கட்டிக்கொடுத்தார். மாமா செய்துகொண்டு வந்த மூக்குத்தியை அக்கா போடுமுன் வாங்கிப் பிளவில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாக இருபது.

வட்டமோ என் டிராயர் பையில் இருக்கிறது. அது இல்லாமலே இவருக்கு எப்படி நினைவு திரும்பியது என்று வெகுநாள் வியந்துகொண்டிருந்தேன்.