கூட்டித் தெளித்த பாதை

வெள்ளையாக இருக்கிற இடத்தில் கால் வைத்தால் வழுக்கும். கறுப்பாகக் கல் தெரிகிற இடத்தில் வழுக்காது. இதைத்தான் நான் நம்பினேன். நான் ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லை, ஐம்பதைத் தாண்டியவன். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்கு பிட்டு தீட்டிக் கொடுக்கிற பட்டறை வைத்திருக்கிறேன். பாறையைக் குடைகிற பிட்டின் பல் எந்த மாநிலத்தில் மழுங்கினாலும் கடைசியில் அது என் மேசைக்குத்தான் வரும். பல் தேய்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தே அடியில் இருந்தது என்ன கல் என்று சொல்லிவிடுவேன். கல்லைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்கிற நினைப்பு அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. கல்லுக்கு மேலே என்ன படிந்திருக்கிறது என்பது தனிப் பாடம். அந்த வகுப்புக்கு நான் போனதேயில்லை.

என் மாப்பிள்ளை இமாச்சலத்தில், மலைக்குள் சுரங்கம் வெட்டுகிற ஒரு வேலையில் இன்ஜினியர். மகளும் கல்யாணம் முடிந்த கையோடு அங்கே போய்விட்டாள். அவர்கள் இருந்த வீடு சாலையிலிருந்து அரைமணி நேரம் ஏறிப் போகிற ஒரு சிறு கிராமத்தில். கோடையில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு, கையில் குச்சியோடு மலையேற வருகிறவர்கள் நடக்கிற பாதைதான் இவர்கள் வீட்டுக்கும் பாதை. படம் எடுத்து அனுப்புவாள். பலகைக் கல் படிகள், பக்கத்தில் தேவதாரு மரங்கள். பட்டறையில் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

முதல் தடவை உண்டானது நான்காம் மாதத்தில் நிற்காமல் போய்விட்டது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் அதை வைத்து மட்டும் எந்தத் தமாஷும் பேசியதில்லை. மறுபடி உண்டானபோது அங்கிருந்த டாக்டர் அசையவே கூடாது என்று சொல்லிவிட்டதால், ஏழாம் மாதத்தில் அழைத்து வர முடியவில்லை. எட்டாம் மாதம் பிறந்த பிறகுதான், போகலாம் என்றார்கள். அதற்குள் மார்கழி வந்துவிட்டது. மலையில் பனி விழுந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போனால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதில் என் மனைவிக்கு வேறு பேச்சே கிடையாது. ஆக, அந்தப் பாதையில் என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து இறங்கியாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

பயம் வந்தால் மனிதர்கள் சாமி கும்பிடுவார்கள். நான் போனில் வீடியோ பார்த்தேன். பனியில் வழுக்கி விழுகிறவர்களைத் தொகுத்து, பார்க்கிறவர்கள் சிரிப்பதற்காகவே போடுகிறார்கள். முன்பெல்லாம் நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான். இப்போது குல்லா போட்ட ஒரு தடியன் மல்லாந்து விழுந்தாலும் என் மகள் விழுந்தது போலவே இருந்தது. பிறகு குளியலறைத் தரையில் சோப்புத் தண்ணீரை ஊற்றி, புது ஷூவை மாட்டிக்கொண்டு நடந்து பழகினேன்.

“ஏனுங்க, அங்க போயி உழுகறது பத்தாதுன்னு இங்கயே ஒத்திகையா?” என்றாள் மனைவி கதவுக்கு வெளியிலிருந்து. “இடுப்பு ஒடஞ்சா நான் உங்களப் பாப்பனா, புள்ளையக் கூட்டிட்டு வருவனா?”

பட்டறைப் பையன்கள் இன்னொரு பக்கம். சேலத்தில் வாங்கிய மங்கிக் குல்லாயைப் போட்டுக் காட்டினேன். மூத்தவன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அண்ணா, மலையில கொரங்கு நெறைய இருக்குமாங்க. பாத்துப் போங்க, அதுக உங்கள உடாது, கூட வெச்சுக்கும்” என்றான்.

போய்ச் சேர்ந்தோம். ஏறும்போது மாப்பிள்ளை எங்கள் ஷூக்களில் ரப்பர் வாரில் கோத்த இரும்புமுள் சங்கிலியை மாட்டிவிட்டார். பனி கணுக்கால் அளவு கிடந்தது. கால் வைத்தால் நொறுநொறுவென்று உள்ளே இறங்கியது. எங்கேயும் வழுக்கவில்லை. இது சங்கிலியின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். பனியின் மகிமையாகவும் இருக்கலாம் என்று தோன்றவில்லை.

மகள் வாசலில் நின்றாள். முகம் உப்பியிருந்தது. கழுத்து வரை கம்பளிச் சால்வை. என் மனைவி ஓடிப்போய், “வா சாமி” என்றாள். அது மகளுக்கா வயிற்றில் இருந்ததற்கா தெரியவில்லை. நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்து வந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. “குளுருது அம்மிணி, உள்ள போ” என்றேன்.

ஒரு நாள் தங்கிவிட்டு அதற்கடுத்த காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. தங்கிய அந்த நாளில் மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். சுரங்கத்துக்குப் போவது வீட்டுக்குப் பின்னால், மேல்பக்கமாக வேறு வழி. மகள் மத்தியானம் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் வாசலில் நின்று பாதையைப் பார்த்தேன். படி தெரியாமல் வெள்ளையாகப் பரவிக் கிடந்தது. எனக்கு அது சிந்திக் கிடக்கிற சோப்புத் தூள் மாதிரி பட்டது. இதன் மேல் அவள் எப்படி நடப்பாள்?

மூலையில் ஒரு நல்ல விளக்குமாறு சாத்தியிருந்தது.

நான் கூட்ட ஆரம்பித்தேன். முதல் படி, இரண்டாவது படி. பனிக்கு அடியிலிருந்து கறுத்த பலகைக் கல் பளிச்சென்று வெளியே வந்தது. எனக்குப் பழக்கப்பட்ட ஆளைக் கூட்டத்தில் பார்த்தது போலிருந்தது. மனைவி வந்து பார்த்தாள். பெருக்குவதில் என் கோணலைப் பொறுக்காமல் விளக்குமாற்றை வாங்கி அவள் கொஞ்ச தூரம் கூட்டினாள். மாற்றி மாற்றி, பாதை திரும்புகிற முனை வரைக்கும் கூட்டிவிட்டோம். பக்கத்து வீட்டு அம்மாள் மாடியில் நின்று கையை ஆட்டி ஆட்டி அவர்கள் பாஷையில் ஏதோ கத்தினார். மெச்சுகிறார் என்று நானும் கையை ஆட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். அதையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

வெயில் நன்றாக அடித்தது. சரிவில் மேலே கிடந்த பனி உருகி, நாங்கள் சுத்தமாக்கிய கல்லின் மேல் ஒழுகியது. ‘தண்ணீராகப் போகிறது, போய்ச் சேரட்டும்’ என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் ஈரமான கல் அரைமணியில் காய்ந்துவிடும். அந்த மலையில் பொழுது சாய்ந்தால் ஈரம் காய்வதில்லை, உறைகிறது. நாங்கள் உள்ளே கணப்புக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வெளியே அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இருட்டிய பிறகு மேல்வழியாக வந்த மாப்பிள்ளையிடம், “நாளைக்கு ஒரு ஆச்சரியம் இருக்குதுங்க மாப்ள” என்று வேறு சொன்னேன். எதையும் முன்கூட்டிச் சொன்னால் ருசி போய்விடும் என்பது என் கொள்கை.

விடிந்தது. மார்கழியில் என் மனைவி வாசல் தெளிக்காத நாள் கிடையாது. மகள் கிளம்புகிற நாள் வேறு. சொம்பில் வெந்நீர் எடுத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சளைக் கொஞ்சம் கரைத்து, வீட்டு வாசலிலிருந்து ஐந்தாறு படி வரைக்கும் ஓரமாக இறங்கி இறங்கித் தெளித்தாள். அவள் காலில் சங்கிலி மாட்டியிருந்ததால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கோலம் போட உட்கார்ந்தவள், மாவு ஒட்டாமல் ஓடுவதைப் பார்த்து, “இதென்னுங்க, கண்ணாடி மேல போட்டாப்ல இருக்குது?” என்றாள்.

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டி முதல் படியில் கால் வைத்தேன். சங்கிலி மாட்டவில்லை. கறுப்புக் கல்லுக்குச் சங்கிலி எதற்கு?

விழுந்தது எனக்கே தெரியாது. வானம் தெரிந்தது. பிறகு முதுகுக்கு அடியில் படிகள் ஒவ்வொன்றாகப் போயின. பெட்டி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. வாயிலிருந்து வந்த சத்தம் ஒரு ஆம்பளைக்கு ஏற்றதில்லை. அந்த வீடியோக்களில் வருகிற சத்தம்தான். நாலைந்து படி தள்ளி ஓரத்துப் பனியில் முட்டி நின்றேன். எழுந்து உட்கார்ந்து, மேலே பார்த்துச் சிரிக்கக்கூடத் தயாரானேன்.

“அப்பா!”

மகள் வாசலுக்கு வந்திருந்தாள். நான் விழுந்ததைப் பார்த்ததும் யோசிக்காமல் என்னை நோக்கி ஒரு எட்டு வைத்தாள். கல் மேல். நான் கையை நீட்டினேன்; அவளுக்கும் எனக்கும் நடுவில் நாலு படி. அவள் பக்கவாட்டில் சரிந்து, இடுப்பு கல்லில் பட உட்கார்ந்துவிட்டாள். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. அரிசி மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தது போல ஒரு சத்தம்.

மனைவி கையிலிருந்த சொம்பு விழுந்து உருண்டு, என்னைத் தாண்டிக் கீழே போயிற்று. அது நிற்கிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை.

மாப்பிள்ளை ஒரு காலில் மட்டும் சங்கிலியோடு ஓடி வந்தார். படிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“யாரும் கிட்ட வராதீங்க” என்றாள் மகள். குரல் நிதானமாக இருந்தது. சால்வைக்குள் கையை விட்டு வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“அசையுதா சாமி?” என்றாள் என் மனைவி.

மகள் கையை வயிற்றின் கீழ்ப்பக்கம் நகர்த்தினாள்.

“அம்மிணி, அசையுதா?”

“தெரியலம்மா. சும்மா இருங்க கொஞ்சம்.”

எங்கள் தெருவில் எழவு வீட்டில்கூட என்னை ஒரு ஓரமாக உட்கார வைத்துப் பேசச் சொல்வார்கள். துக்கத்தை இளக்குகிறேனாம். அன்று அந்தப் பனியில் உட்கார்ந்திருந்த எனக்கு உலகத்தில் சொல்வதற்கு எதுவுமே இல்லை.

மாப்பிள்ளை அவளைத் தூக்கவில்லை. தூக்கினால் இரண்டு பேரும் விழ வேண்டியிருக்கும் என்று தெரிந்தவர். உட்கார்ந்தபடியே அவளை ஓரத்துக்கு நகர்த்தி, நாங்கள் கூட்டாமல் விட்ட பனியில் நிற்க வைத்தார். அவள் ஷூவில் சங்கிலியை மாட்டினார். பிறகு வெள்ளையாக இருந்த இடத்திலேயே, தான் முன்னால் மிதித்துக் குழி செய்து, அந்தக் குழியில் அவளைக் கால் வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக இறக்கினார். நாங்கள் வேர்க்க விறுவிறுக்கச் சுத்தம் செய்த கல்லை ஒருவரும் மிதிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கூடை அடுப்புச் சாம்பலோடு ஓடி வந்து படிகளில் இறைத்தார். இந்தத் தடவை அவர் என்னைப் பார்த்துக் கத்தியது எனக்கு நன்றாகவே புரிந்தது.

முனை திரும்பிய பிறகு பாதை முழுக்க வெள்ளையாக, நாங்கள் தொடாமல் விட்டபடி கிடந்தது. அங்கே அவள் சாதாரணமாக நடந்தாள். நான் கடைசியாக, சங்கிலி மாட்டிய பிறகும் நம்பிக்கை வராமல், இரண்டு கையும் ஊன்றித் தவழ்ந்தபடி வந்தேன். ஐம்பது வயசுக் குழந்தை ஒன்று இறங்கி வருவதை வழியில் இருந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. அவள் முதுகை மட்டும் நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜீப்பில் மனைவி ஒரே ஒரு தடவை பேசினாள். “நான் தண்ணி தெளிச்சிருக்கக் கூடாதுங்க.”

“நான் கூட்டியிருக்கக் கூடாது” என்றேன்.

“ரெண்டு பேரும் பேசாம வாங்க” என்றாள் மகள். அவள் கை வயிற்றிலிருந்து எடுபடவேயில்லை.

கீழே ஊரில் ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். நானும் மனைவியும் வெளியே பெஞ்சில். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே அவள் வயிற்றின் மேல் ஏதோ இயந்திரத்தைத் தேய்க்கிற கரகரப்பு. நீண்ட நேரம் வெறும் கரகரப்பு. பிறகு அதற்குள்ளிருந்து ஒன்று கேட்டது. வேகமாக, விடாமல், தூரத்துக் காட்டில் போர்வெல் வண்டி ஓடுகிறபோது கேட்குமே, சுத்தியல் பாறையில் இடித்துக்கொண்டே இருக்கிற சத்தம், அது போல. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். நிற்காமல் ஓடினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மங்கிக் குல்லாயை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். குளிருக்கு என்று நர்ஸ் நினைத்திருப்பார்.

டாக்டர் வெளியே வந்து மாப்பிள்ளையிடம் சொன்னதை அவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: “கொழந்த நல்லா இருக்குதுங்க மாமா. ஆனா இனி மலையும் ஏறக்கூடாது, ஃபிளைட்டும் வேண்டாம். பிரசவம் வரைக்கும் இங்கயே பக்கத்துல இருக்கோணுமாம்.”

என் மனைவி தலைப்பிரசவம், தாய் வீடு என்று எதுவும் வாயைத் திறக்கவில்லை. “ஊடு பாருங்க, வாடகைக்கு” என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு அறை எடுத்தோம். பட்டறையைப் பையன்களில் மூத்தவன் பார்த்துக்கொண்டான். தை மாதக் கடைசியில், மாதம் நிறைந்து, என் மகளுக்கு அங்கேயே சுகப்பிரசவத்தில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.