மேடைக்கு வைத்த கடிதம்

கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் ராஜலிங்கத்தைத் தெரியாதவர் இல்லை, மதித்தவரும் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் கொழுந்து மூட்டை தூக்கியவர். கோயில் கூட்டத்தில் கதிரை மிஞ்சிக் கிடந்தாலும் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அப்பேர்ப்பட்டவரின் மகள் நிரோஷினி சுங்கத் திணைக்களப் பரீட்சையில் சித்தியடைந்து, நேர்முகத் தேர்விலும் தேறிவிட்டாள். மனுஷனின் நடையே மாறிவிட்டது. மூன்றாம் நாளே, கொழும்புத் துறைமுகத்தைத் தானே கட்டி முடித்தவர் போலப் பேச ஆரம்பித்துவிட்டார்.

தோட்டமும் சும்மா இருக்கவில்லை. கடலைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கெல்லாம் திடீரென்று கப்பலில் சாமான் வர ஆரம்பித்தது. ஒருத்தியின் அக்கா குவைத்திலிருந்து அனுப்பப்போகிற டிவி, இன்னொருவரின் மச்சான் வாங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற ஜப்பான் வேன். "புள்ளகிட்ட சொல்லிப் பாத்து விடச் சொல்லுங்கண்ணே" என்றார்கள். ராஜலிங்கமும் துறைமுகச் சாவி தன் இடுப்பில் தொங்குவதைப் போலத் தலையாட்டினார். வீட்டில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நிரோஷினி காதில் விழுந்தால் அன்றைக்குச் சோறு கிடைக்காது.

அவளுக்கோ தலைக்கு மேல் வேலை. கண்டியில் துணி எடுத்து இரண்டு வெள்ளைச் சட்டை தைத்தாயிற்று. புதிதாக வாங்கிய கறுப்புச் சப்பாத்து காலைக் கடித்தது. அதைப் பழக்குவதற்காக விடிந்ததும் லயத்து வீட்டு வாசலில் மேலும் கீழும் நடந்தாள். சான்றிதழ்களைப் பிரதி எடுத்து அடுக்கி வைத்தாள். வராதது நியமனக் கடிதம் ஒன்றுதான்.

"தபால் வந்துச்சாப்பா?"

"வரும் புள்ள. கவர்மெண்டு வேலைன்னா மெதுவாத்தான் வரும்."

கடிதம் வந்து ஐந்து நாளாகியிருந்தது. தோட்ட ஆபீசில் கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலை வாங்கியதே ராஜலிங்கம்தான். வீட்டுக்கு வரும் வழியில் தொழிற்சங்கத் தலைவர் கணேஸ் பிடித்துக்கொண்டார். தேர்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணேசுக்குத் தேர்தல் ஞாபகம்தான்.

"பிரிச்சிறாதீங்கண்ணே. அடுத்த ஞாயித்துக்கிழமை மைதானத்துல விழா வைப்போம். எல்லாருக்கும் முன்னால நானே புள்ள கையில குடுக்கிறேன். அதுவரைக்கும் அதுக்குத் தெரிய வேணாம். நீங்களும் மேடையில என் பக்கத்துல கதிரை போட்டு ஒக்காருங்க."

கடைசியாகச் சொன்னதில் மனுஷன் கவிழ்ந்துவிட்டார். கடிதத்தைக் கொடுத்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்று இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வேலைதான் கிடைத்துவிட்டதே, அதில் வேறென்ன இருக்கப்போகிறது? கணேஸ் உறையைப் பிரிக்காமலே கண்டிக்குக் கொண்டுபோய்த் தங்க நிறத்தில் சட்டம் போட்டு, முன்னால் கண்ணாடியும் வைத்து வாங்கி வந்துவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் நிரோஷினிக்கு போன் வந்தது. அவளோடு தெரிவான ஹேவாஹெட்டவைச் சேர்ந்த தர்ஷிகாதான் பேசினாள். "நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்குக் கொழும்புல நிக்கணுமே, நீ எந்த பஸ்ல வர்ற? தவறினா நியமனம் ரத்துன்னு கடுதாசியில போட்டிருக்கே, பாக்கலையா?"

போனை வைத்ததும் நிரோஷினி அழுதாள். "எனக்கு மட்டும் கடுதாசி வரலப்பா. என் பேர வெட்டிட்டாங்க."

ராஜலிங்கத்துக்கு ஐந்து நாளாகச் சரளமாக வந்த பொய் இப்போது வரவில்லை. நடந்ததைச் சொன்னார். அவள் திட்டித் தீர்த்திருந்தால் தாங்கியிருப்பார். "ஒரு கதிரைக்காகவாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவருக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

இருவரும் கணேஸ் வீட்டுக்கு ஓடினார்கள். கடிதம் சுவரில், கட்சித் தலைவர் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது.

"ஞாயித்துக்கிழமை வாங்கிட்டுத் திங்கக்கிழமை போனா வேலை ஓடியா போயிரும்?" என்றார் கணேஸ். "எம்பிக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சிச்சு. பேனர் அடிச்சாச்சு, சவுண்டு செட்டுக்குச் சொல்லியாச்சு. இப்ப வந்து கேட்டா எப்படி?"

"கடுதாசிய குடுங்க தலைவரே" என்றார் ராஜலிங்கம்.

"நல்ல சட்டம்ண்ணே அது. கழட்டினா பாழாப் போயிரும்."

அதுவரை எந்தத் தலைவரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராத ராஜலிங்கம், சட்டத்தைச் சுவரிலிருந்து எடுத்து வாசற்படியில் ஓங்கி அடித்தார். கண்ணாடி உள்ளங்கையைக் கிழித்தது. இரத்தம் படாமல் உறையை உருவி மகளிடம் நீட்டினார். அவள் அங்கேயே பிரித்துப் படித்துவிட்டு, வீட்டுக்கு ஓடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாலை பஸ்ஸில் கண்டிக்குப் போனாள். வெள்ளிக்கிழமை எட்டரைக்கே கொழும்பில் நிற்பதாகத் தாய் பாலம்மாவிடம் போனில் சொன்னாள். அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை.

பேனர் அடித்த பிறகு விழா நிற்குமா? ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறைந்திருந்தது. "கடைசி நேரத்துல அந்தப் புள்ளைய பஸ் ஏத்தி விட்டது யாரு? நம்ம சங்கம்!" என்று மைக்கில் முழங்கினார் கணேஸ். கைதட்டல் ஓய்ந்ததும், இரண்டு வார்த்தை பேசும்படி தகப்பனைக் கூப்பிட்டார்.

ராஜலிங்கம் கட்டுப்போட்ட கையால் மைக்கைப் பிடித்தார்.

"கடுதாசிய மறைச்சது நான்தான். தலைவர் கேட்டாரு, குடுத்துட்டேன். கூட்டாளிப் புள்ள போன் பண்ணாட்டி என் மக வேலை போயிருக்கும். எனக்கு வெக்கமா இருக்கு."

கணேஸ் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "அண்ணனுக்குச் சந்தோசத்துல என்ன பேசுறதுன்னே தெரியல!"

ராஜலிங்கம் மேடையை விட்டு இறங்கினார். அதையும் சந்தோசப் பேச்சென்றே எடுத்துக்கொண்ட கூட்டம் முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது.