சுத்தியல் தொடக் கூடாத மாதங்கள்

வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்த வாரமே, அவள் படுக்கும் கட்டிலுக்கு நேர் மேலே சீலிங்கில் ஓர் ஈரத் திட்டு தெரிந்தது. நிழல் என்று சொன்னேன். ஜன்னலைச் சாத்திப் பார்த்தோம், நிழல் போகவில்லை. ஒட்டடை என்றேன். மனைவி ஒட்டடைக் கம்பை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

அந்தக் கம்பால் தட்டிப் பார்த்ததில் ஆரம்பித்தது வினை. விருத்தாசலத்தில் ஒரு சின்ன செராமிக் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. சூளையிலிருந்து வருகிற ஃபியூஸ் கட்டை, டீ கப் எல்லாவற்றையும் குச்சியால் தட்டுவேன். ‘டிங்’ என்றால் பெட்டிக்குப் போகும். ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல். கழிவுக் குவியலுக்குப் போகும். என் வீட்டுச் சீலிங் ‘டொக்’ என்றது. நாலடி தள்ளித் தட்டினேன். டொக். ஹாலுக்குப் போய்த் தட்டினேன். அங்கேயும் டொக். சமையலறை மட்டும் டிங். ஆனால் அதற்குள் கட்டில் நுழையாது.

கழிவுக் குவியல் என்றேனே, நோயே அங்கிருந்து வந்ததுதான். மொட்டைமாடிக்கு எல்லோரும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டு ஓடு பதிப்பார்கள். நான், சும்மா கிடக்கிறதே என்று, உடைந்த செராமிக் துண்டுகளை டிராக்டரில் ஏற்றிவந்து ஜல்லிக்குப் பதிலாகக் கொட்டினேன். வெள்ளை வெளேரென்று பளபளத்தது. “சூடு ஏறாது, தண்ணி இறங்காது” என்று தெருவுக்கே பிரசங்கம் செய்தேன். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். கண்ணாடி மாதிரி வழவழப்பான துண்டில் சுண்ணாம்பு எப்படிப் பிடிக்கும் என்று, செராமிக்கை வைத்தே பிழைக்கிற ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. துண்டுகளின் இடுக்கில் இறங்கிய மழைத் தண்ணீர், கான்கிரீட்டின் தலைமேல் சாவகாசமாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறது.

“மேல்தளத்தப் பேத்துட்டுப் புதுசா போடணும். சம்மட்டியோட ஆளுங்கள வரச்சொன்னா...” என்று ஆரம்பித்தேன்.

“சம்மட்டியா?” மனைவியின் குரல் உயர்ந்தது. “புள்ளத்தாச்சி இருக்கிற வூட்டுல ஆணியே அடிக்கக் கூடாது. நீங்க தளத்தையே பேக்கப் போறீங்களா? வயித்துல இருக்கிறதுக்கு ஆகுமா?”

எங்கள் பக்கத்தில் இது சட்டம். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இடிக்கக் கூடாது, தோண்டக் கூடாது, காலண்டர் மாட்டக்கூட சுத்தியலைத் தொடக் கூடாது. கம்பெனியில் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று மேசையைக் குத்திப் பேசுகிறவன் நான். மகளின் வயிற்றைப் பார்த்ததும் என் பகுத்தறிவு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டது. இடித்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ? இடிக்காவிட்டால் தாயின் தலையில் விழுந்துவிடுமோ? இரண்டுக்கும் நடுவில் நான் செய்த ஒரே காரியம், கட்டிலை நகர்த்தியதுதான். காலையில் ஜன்னலோரம், மதியம் பீரோ ஓரம்.

“அப்பா, கட்டிலுக்குச் சக்கரம் வச்சிடு. நீ தள்ளிக்கிட்டே இரு, நான் பாட்டுக்குத் தூங்குறேன்” என்றாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடத்திலிருந்து மாப்பிள்ளை வந்தார். திட்டை மறைக்க, வளைகாப்புக்குக் கட்டிய ஜிகினாத் தோரணத்தை அங்கே ஒட்டிவைத்திருந்தேன்.

“என்ன மாமா, சீலிங்குக்கும் வளைகாப்பா?”

விழுந்து விழுந்து சிரித்தேன். விஷயம் தெரிந்தால் அவர்கள் வீட்டில் மகளைத் திரும்ப அழைத்துப் போய்விடுவார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்தவளைப் பாதியில் அனுப்பிவிட்டு என் மனைவி தெருவில் எப்படித் தலைகாட்டுவாள்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை, மகள் குளிக்கப் போயிருந்த நேரம், அறைக்குள் ‘தொம்’ என்று சத்தம். ஓடிப் பார்த்தால் முறம் அகலத்துக்குச் சீலிங் பூச்சு பெயர்ந்து தலையணை மேல் கிடந்தது. இதுதான் பத்திரமான இடம் என்று அன்று காலை நானே பார்த்துப் பார்த்துக் கட்டிலை நகர்த்தி வைத்த இடம். மேலே துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. மகள் ஈரத் தலையோடு வந்து வாசற்படியில் நின்றாள். ஒரு கை வயிற்றில் இருந்தது. அவளைச் சிரிக்கவைக்க ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். தூசிதான் உள்ளே போனது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள். கணவர் துபாயில். அவர் லீவில் வந்தால் மட்டும் திறக்கிற முன்னறை ஒன்று அவள் வீட்டில் உண்டு.

“யா அல்லா! என்னாண்ணே இது? புள்ளய இதுக்குள்ளயா படுக்க வெச்சிருந்தீங்க?”

நான் குனிந்து பூச்சுத் துண்டுகளைப் பொறுக்க, அவள் என் மனைவி பக்கம் திரும்பினாள்.

“அக்கா, பாப்பாவக் கூட்டிக்கிட்டு எங்க வூட்டுக்கு வந்துடுங்க. அண்ணன் இங்க என்னத்த வேணா இடிக்கட்டும்.”

மனைவி தயங்கினாள். “பொறந்தா தீட்டும்மா. உங்க வூட்டுல எப்பிடி?”

“தீட்டெல்லாம் உங்களுக்குத்தாங்க்கா. எங்களுக்கு விருந்தாளி.”

“இடிக்கிற சத்தம் அங்கயும் கேக்குமே?”

“கேட்டா கேக்கட்டும். எங்க வூட்ட யாரும் இடிக்கலியே!”

மனைவி யோசித்தாள். அவளுடைய சட்டத்தில் அப்படியொரு சந்து இருப்பதை அன்றுதான் அவளே கண்டாள். தலையணையை உதறி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மழை விட்டதும் ஆட்கள் வந்தார்கள். முதல் அடி விழுந்தபோது மாடியிலிருந்து பக்கத்து வீட்டு ஜன்னலைத்தான் பார்த்தேன். சுண்ணாம்பின் சுவடே இல்லாமல், கழுவி அடுக்கிய தட்டு மாதிரி துண்டுகள் கழன்று வந்தன.

“சார், இத அப்பிடியே கடைக்கு அனுப்பலாம்” என்றார் கொத்தனார்.

நான் சிரிக்கும் நிலையில் இல்லை. சம்மட்டி ஓயும்போதெல்லாம் கீழே இறங்கி ஓடி, பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: “புள்ள அசையுதாம்மா?”

“அசையுதுப்பா. நீ வந்து வந்து எழுப்புனா அது எங்க தூங்கும்?”

மாப்பிள்ளைக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னவள் மனைவிதான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன், அவர் கண்ணுக்கு அது தெரியும் என்பதுபோல. முதலில் மகள் சௌக்கியமா என்று கேட்டாராம். பிறகு, “தோரணம் நல்லாத்தான் இருந்துது” என்றாராம்.

புதுத் தளம் இறுகுவதற்காகத் தண்ணீர் கட்டியிருந்த வாரத்தில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். குழந்தையின் அழுகை கேட்கும் வரை, அந்தச் சம்மட்டியின் ஒவ்வொரு அடியும் என் காதில் மறுபடி விழுந்துகொண்டே இருந்தது. பெண் குழந்தை. ஒரு குறையும் இல்லை என்றார் நர்ஸ். “நல்லாப் பாத்தீங்களா?” என்று இரண்டாம் முறை கேட்டபோது என்னை வெளியே போய் டீ குடிக்கச் சொன்னார்.

எங்கள் வீடு இன்னும் ஈரமும் முட்டுக்கட்டைகளுமாக இருந்தது. அதனால் பேத்தியைப் பக்கத்து வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். அந்த வீட்டு வாசலில் மனைவி ஆரத்தி சுற்றினாள். சிமெண்ட் ஒட்டிய லுங்கியோடு நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றேன்.

“வாங்கண்ணே, உள்ள வந்து உக்காருங்க. டீ போடவா?” யாரோ வெளியூர் ஆளை விசாரிப்பதுபோல அந்தப் பெண் கேட்டாள்.

உட்கார்ந்தேன். மகள் குழந்தையை என் மடியில் கிடத்தினாள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் அண்ணாந்து அந்த வீட்டுச் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.