ஒற்றைப்படைத் தேதியும் அண்ணியின் சுடிதாரும்

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று பார்ப்பதற்காக வீட்டுக்கார அம்மாள் என் குடியிருப்புக்கு வந்தார். குளியலறைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குளியல்தொட்டி விளிம்புவரை தண்ணீர். பக்கத்தில் இரண்டு வாளிகள், அவையும் நிறைந்திருந்தன. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முகம் மலர்ந்து, "கார்ப்ஃபன்?" என்று கேட்டார். எனக்கு அப்போது தெரிந்த ஜெர்மன் சொற்கள் மொத்தம் நாற்பது இருக்கும். புரியாத கேள்விக்கெல்லாம் "யா" சொல்லிவிடுவது என் வழக்கம். சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு மீன் பார்க்க வந்துவிட்டார். கார்ப்ஃபன் என்பது கெண்டை மாதிரி ஒரு மீனாம். பண்டிகைக்கு வாங்கி, சமைக்கும்வரை அதைக் குளியல்தொட்டியில் உயிரோடு வைத்திருப்பது அவர் பிறந்த ஊர்ப் பக்கத்து வழக்கமாம். இரண்டு சகோதரிகளும் வெறும் தண்ணீரை நெடுநேரம் பார்த்தார்கள்.

எப்போது திறந்தாலும் தண்ணீர் வரும் ஊரில் எதற்குப் பிடித்து வைக்கிறாய் என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? சிட்லபாக்கத்தில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வரும். அதுவும் தானாக மேலே ஏறி வராது. வாசலில் பள்ளம் தோண்டி, அடிபம்பு போட்டு, அடித்து அடித்து வரவழைக்க வேண்டும். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போக இரண்டு வருடம் ஆனது. போனபோது ஒரேயடியாகப் போய்விட்டது. தண்ணீர் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துவிட்டேன். அந்த மறதியோடுதான் தொண்ணூற்றாறாம் வருடம் மே மாத நடுவில் லீவில் ஊருக்குப் போனேன். போனவன் சும்மா இருந்திருக்கலாம்.

நகரத்துக்கு வெளியே புதிதாக ஒரு தீம் பார்க் திறந்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் அங்கே போனதில்லை. மொத்தக் குடும்பத்தையும் நான் அழைத்துப் போகிறேன் என்று அறிவித்தேன். அண்ணன் வீடு, கோவிலம்பாக்கத்து அக்கா வீடு, பல்லாவரத்து அக்கா வீடு, அவரவர் மாமனார் மாமியார், எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு பேர். "பார்க்குல போய் என்னடா பண்றது? உக்காந்து வேர்க்கடலை சாப்பிடறதா?" என்று அண்ணன் கேட்டார். இது வேறு பார்க் என்று விளக்கினேன். ஜெர்மனியில் பல் பிடுங்குவதற்கும் நண்பனைப் பார்ப்பதற்கும்கூட முன்கூட்டியே நேரம் குறிப்பார்கள். டெர்மீன் என்பார்கள். நம் ஆட்களுக்கு இல்லாதது அந்த ஒழுங்குதான் என்று அப்போது நான் உறுதியாக நம்பினேன். ஒரு பெரிய சார்ட் வாங்கி, நான்கு கலர் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, கூடத்துச் சுவரில் ஒட்டினேன். ஆறரைக்குப் புறப்பாடு. ஏழேகாலுக்கு வழியில் டிபன், இருபது நிமிடம். கழிப்பறை, ஏழு நிமிடம். தண்ணீர்ச் சறுக்கில் புடவையோடு விடமாட்டார்கள் என்பதால் 'புடவை கூடாது' என்று சிவப்பில் எழுதி இரண்டு கோடு போட்டேன். அதைக் கேள்விப்பட்டு அக்காக்கள் இருவரும் ஒரு வாரம் தூங்கவில்லை.

எல்லோருக்காகவும் என்று சொன்னேனே தவிர, உண்மையில் அண்ணிக்காகத்தான் இதையெல்லாம் செய்தேன். அண்ணி எங்கள் வீட்டுக்கு வரும்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நான் எழுந்து குளித்து ரயிலுக்கு ஓடுவதற்குள் பம்படித்து, குடம் குடமாகத் தூக்கி, அண்டாவை நிரப்பி வைத்திருப்பார். வண்டலூரில் மிருகக்காட்சி சாலை திறந்த புதிதில் வீடே கிளம்பிப் போனோம். அன்றைக்குத் தண்ணீர் வரும் நாள் என்று அண்ணி மட்டும் வீட்டில் இருந்துகொண்டார். மகாபலிபுரம் போனபோதும் அப்படித்தான், அக்கா பெண்ணுக்குத் திருத்தணியில் காது குத்தியபோதும் அப்படித்தான். திரும்பி வந்ததும், "புலி பாத்தீங்களா தம்பி? எவ்ளோ பெருசு?" என்று கேட்பார். நானும் கையை விரித்து அளவு காட்டியிருக்கிறேன். இவர் ஏன் வரவில்லை என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை. அது ஸ்டுட்கார்ட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது, வெட்கமாகவும் இருந்தது. இந்த முறை அண்ணி வரவேண்டும். சார்ட்டில் முதல் பெயராக அவர் பெயரைத்தான் எழுதியிருந்தேன்.

ஆகவே தண்ணீர் வராத நாளாகப் பார்த்துத் தேதி குறித்தேன். இங்கேதான் என் பொறியியல் மூளை வேலை செய்தது. வந்ததிலிருந்து கவனித்தேன். பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று. ஒற்றைப்படைத் தேதிகளில் தண்ணீர் வருகிறது. அப்படியானால் ஜூன் இரண்டாம் தேதி வராது. ஞாயிற்றுக்கிழமையும்கூட. வேனுக்குச் சொல்லிவிட்டேன். இத்தனை வருடமாக யாருக்கும் தோன்றாத விஷயத்தை நான் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு நினைப்பு.

ஜூன் முதல் தேதி சனிக்கிழமை. காலையில் நானே உற்சாகமாக ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பம்பு காற்றைத்தான் கக்கியது. தெருவில் ஒருவரையும் காணோம்.

"இன்னிக்கு ஏன் அண்ணி தண்ணி வரல? ஒண்ணாம் தேதியாச்சே?"

"நேத்துதானே தம்பி வந்துச்சு. இனிமே நாளைக்குத்தான்."

"நேத்தா?"

"நேத்து முப்பத்தொண்ணு இல்ல?"

முப்பத்தொன்றும் ஒற்றைப்படை, ஒன்றும் ஒற்றைப்படை. மே மாதத்துக்கு முப்பத்தொரு நாள் என்பது ஒன்றாம் வகுப்புப் பாடம். நான் ஸ்டுட்கார்ட்டில் பார்க்கும் உத்தியோகம் என்ன என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்ப் பம்பு வடிவமைக்கும் வேலை.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தேதி குறிச்ச அன்னிக்கே தெரியும்."

"சொல்லியிருக்கலாமே அண்ணி!"

"எவ்ளோ ஆசையா எழுதி ஒட்டியிருக்கீங்க. ஒரு ஆள் வீட்ல இருந்தா போதும்தானே?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. நாளை மாற்றவும் வழியில்லை. மதியத்துக்குள் அக்காக்கள் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார்கள். மறுநாள் தண்ணீர் பிடிக்காவிட்டால் ஊர் சுற்றிவிட்டு வரும் இருபத்திரண்டு பேருக்குக் குடிக்கவும் குளிக்கவும் செவ்வாய்க்கிழமைவரை சொட்டு கிடையாது. பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றேன். அவர்களுக்குப் பிடிக்கவே அவர்களுக்கு நேரம் போதாது என்றார் அண்ணி. அண்ணனைப் பார்த்தேன். அவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். இரண்டு அக்கா வீட்டுக்காரர்களையும் பார்த்தேன். இவ்வளவுக்கும் நடுவில் என்னையே நான் ஒருமுறையும் பார்த்துக்கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இல்லாமல் சார்ட்டை யார் நடத்துவது? தவிர, தண்ணீர்ச் சறுக்குக்கென்றே ஜெர்மனியில் ஒரு நீச்சல் டிரவுசர் வாங்கி வந்திருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் அண்ணன் மகள் சுமதி என்னிடம் வந்தாள். பிளஸ் டூ போகப்போகிற பெண். "சித்தப்பா, அம்மாவைக் கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றாள். உள்ளறையில் அண்ணி தரையில் உட்கார்ந்து, பிளேடால் ஒரு மெரூன் சுடிதாரின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். "அது என்னோடது சித்தப்பா. அம்மா அவங்க அளவுக்குப் பிரிச்சுத் தச்சு வெச்சிருந்தாங்க. யாருக்கும் தெரியாம பீரோவுல மடிச்சு வெச்சிருந்தாங்க. இப்ப மறுபடி என் அளவுக்குப் பிடிக்கறாங்க. நான் போட்டுக்கணுமாம்." அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. "சும்மா இருடி. இந்த வயசுல எனக்கு எதுக்கு அது?" என்றார். புடவையைத் தவிர வேறு எதையும் கட்டியறியாதவர், என் சிவப்புக் கோடுகளைப் படித்துவிட்டு, தண்ணீர் நாள் என்று தெரிந்தும், ஒருவேளை போகக் கிடைத்தால் என்று தைத்து வைத்திருக்கிறார்.

"பிரிக்காதீங்க அண்ணி. நாளைக்கு நான் வீட்ல இருக்கேன்."

"நீங்களா? உங்களுக்குத் தண்ணி பிடிக்கத் தெரியுமா?"

"நான் பம்பு இன்ஜினியர் அண்ணி."

"அதான் கேக்கறேன்" என்றார்.

மறுநாள் வேன் எட்டு மணிக்குக் கிளம்பியது. சார்ட் அங்கேயே செத்தது. அண்ணி மெரூன் சுடிதாரின்மேல் ஒரு பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் பள்ளத்தில் இறங்கி நின்று கை காட்டினேன். தண்ணீர் வந்தது. அடித்தேன். பத்தாவது குடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டில் வேலை செய்யும் அம்மாள் இடுப்பில் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார். "இன்னா சார், ஜெர்மன்லேந்து வந்தவரு நீதான? வந்த விருந்தாளிய தண்ணி புடிக்க வுட்டுட்டு எல்லாரும் டூர் போய்கினாங்களா?" என்றார். "நான் விருந்தாளி இல்லம்மா, இந்த வீட்டு ஆள்" என்றேன். "அத்த நீ சொல்ற. பம்பு புடிக்கிறத பாத்தா தெர்லயே" என்று என்னை நகரச் சொல்லி, நாலு குடம் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். குளிக்கிற அண்டாவை முதலில் நிரப்பினேன். குடிக்கிற தண்ணீரைத்தான் முதலில் பிடிக்கவேண்டும் என்பது, வரத்து நின்ற பிறகுதான் புரிந்தது.

சாயங்காலம் இருபத்தொரு பேரும் ஈரத் தலையோடு வந்து இறங்கினார்கள். அண்ணிக்குக் குரலே இல்லை. ராட்டினத்திலும் சறுக்கிலும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. வீட்டில் குரலை உயர்த்தி யாரும் கேட்டிராத மனுஷி. "மூணு வாட்டி சறுக்கினேன் தம்பி, மூணு வாட்டி" என்று காற்றாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போய்க் குடிதண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். அந்த ஈரச் சுடிதாரோடேயே ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குத் தண்ணீர் கேட்கப் போனார்.

அங்கே எடுத்த போட்டோவை சுமதி பிறகு எனக்கு அனுப்பி வைத்தாள். சறுக்கின் அடியில் எல்லோரும் நிற்கிறார்கள், நடுவில் வாயைப் பிளந்துகொண்டு அண்ணி. அதைச் சட்டம் போட்டு ஸ்டுட்கார்ட்டில் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் சாப்பிட வந்தார். படத்தருகில் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "இதில் நீ எங்கே?" என்று கேட்டார்.

"நான் இல்லை. அன்றைக்கு நான் வீட்டில் இருந்தேன்."

நான் சொன்ன வீடு இந்த ஸ்டுட்கார்ட் வீடு என்று எடுத்துக்கொண்டு அவர் பரிதாபமாகத் தலையாட்டினார். "பாவம். இவ்வளவு பேரும் அங்கே, நீ மட்டும் இங்கே" என்றார்.

திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் சொன்னதில் எந்தச் சொல்லைத் திருத்துவது என்று தெரியவில்லை. அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.