கோல்ஃப் ஷூவுக்குள் மெட்டி

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்கலாம். பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். ரேஷன் கடை வரிசையில் யாராவது முன்னால் நுழைந்தால்கூட ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து இடம் விடுவேன். அப்படிப்பட்டவள் எழுத வந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஜோடித்துச் சொல்லத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்லப் பார்க்கிறேன்.

திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். முதலில் பசை தடவும் லைனில் இருந்தேன். பெண்கள் ஷூவில் புது மாடல் எதுவானாலும் முதலில் நாலாம் நம்பரில்தான் செய்து பார்ப்பார்கள். என் கால் சரியாக நாலாம் நம்பர். அகலமும் அவர்கள் ஷூ செய்கிற பாத அச்சுக்கு ஒத்துப்போனது. அதனால் என்னைச் சாம்பிள் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். புது ஷூவைப் போட்டு நடந்து, எங்கே கடிக்கிறது, எங்கே லூசாக இருக்கிறது என்று மாஸ்டரிடம் சொல்வதுதான் வேலை. வேறு எதைப் பற்றியும் பேச வராத எனக்கு, காலைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சு வரும். "சுண்டு விரல்ல இல்ல மாஸ்டர், அதுக்குக் கீழ எலும்புல" என்பேன். அவர் அச்சில் அந்த இடத்தில் மயிரிழை கனத்துக்குத் தோல் ஒட்டி, ஷூவில் இடம் கூட்டுவார்.

அந்த மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த ஆர்டர் பெண்களுக்கான கோல்ஃப் ஷூ. கோல்ஃப் என்றால் என்ன என்று எங்களில் யாரும் நேரில் பார்த்ததில்லை. மாஸ்டர் போனில் ஒரு வீடியோ காட்டினார். கேட்டுக்குப் பக்கத்தில் ஆபீஸ் முன்னால் உள்ள புல்தரையை நனைத்து, என் கையில் ஒரு குடையைக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் பிடித்து வீசச் சொன்னார். வீசும்போது இடுப்பு திரும்ப வேண்டும். கால் விரல்களை ஊன்றிச் சுழல வேண்டும். அடியில் உள்ள ரப்பர் முள் புல்லை விடக் கூடாது. செக்யூரிட்டி கேட்டிலிருந்தே கத்துவார்.

"யக்கா, இன்னா கொசு அடிக்கிறியா? இந்தப் பக்கமும் நாலு கீது, வா!"

நான் வெட்கத்தில் குடையைப் போட்டுவிடுவேன். மாஸ்டர், "அவன் கெடக்குறான், நீ சுத்தும்மா" என்பார்.

சாம்பிள் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. ஷூ போட்டுப் பார்க்கும்போது காலில் மெட்டி இருக்கக் கூடாது. போடப்போகிற வெளிநாட்டுக்காரி காலில் மெட்டி கிடையாது அல்லவா. வேலைக்குப் போனதும் இரண்டையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துவைத்து, சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து போட்டுக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு உறுத்தலும் இருந்ததில்லை.

அந்த ஆர்டர் பாதியில் இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரருக்கு விபத்து நடந்தது. அம்பத்தூரில் லேத் பட்டறை வேலை முடித்து வண்டியில் வந்தவரைத் தண்ணி லாரி தட்டிவிட்டது. தலையில் அடி. நினைவு இல்லை. இரண்டு இடத்தில் ஐசியூவில் படுக்கை இல்லை என்றார்கள். என் நாத்தனார் ஆம்புலன்சில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் கம்பெனி மேனேஜருக்குப் போன் செய்தேன். அதற்கு முன் அவரோடு நான் பேசியதே இல்லை. அவர் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரைப் பிடித்து, பூந்தமல்லி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் இடம் வாங்கிக் கொடுத்தார். பிறகு மேனேஜரே கேட்டார்: "அச்சு மொத்தமும் உன் காலுக்குச் சரி பண்ணது. சாம்பிள் அனுப்புற வரைக்கும் பகல்ல மட்டும் வந்துட்டுப் போக முடியுமா?" முடியாது என்று எப்படிச் சொல்வேன்? ஐசியூவில் சாயங்காலம் ஒரு தடவைதான் உள்ளே விடுவார்கள், அதுவும் ஒரு ஆளைத்தான். பகலெல்லாம் வெளியே தரையில் உட்கார்ந்து அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதும் என்னால் ஆகவில்லை. பகலில் நாத்தனார் இருந்தாள், ராத்திரி நான் இருந்தேன்.

நான் வேலைக்குக் கிளம்பும்போது நாத்தனார் என் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணி, காதுல மூக்குல கீறத வேணா கழட்டு. கால்ல கீறத மட்டும் கழட்டாத. அவன் எழுந்து வர்ற வரைக்கும்."

அவள் சொல்லாவிட்டாலும் கழற்றியிருக்க மாட்டேன். அவர் உயிர் எதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று டாக்டருக்கே தெரியவில்லை. எனக்கு என்ன தெரியும்? இருந்ததை இருந்தபடி விட்டுவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. வீட்டில் அவர் கழற்றிப் போட்ட சட்டையைக்கூட நான் ஆணியிலிருந்து எடுக்கவில்லை.

சாம்பிள் ரூமில் தையல் மிஷினில் இருக்கும் அக்காவிடம் மட்டும் சொன்னேன். "கழட்டாதடி. யாரு பாக்கப்போறா?" என்று சொல்லி, மெட்டியின் மேலேயே பிளாஸ்திரி சுற்றிவிட்டாள். மேலே சாக்ஸ் போட்டதும் ஒன்றும் தெரியவில்லை. அதோடு புல்லில் நடந்தேன், குடையை வீசினேன், விரல் ஊன்றிச் சுழன்றேன். கால் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

கடைசிச் சோதனை தண்ணீரில். ஷூவின் வாய்க்குக் கீழே நிற்கிற அளவுக்குத் தண்ணீர் நிரப்பின நீளத் தொட்டியில் ஷூவோடு நடந்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளே சொட்டுக்கூட ஏறக் கூடாது. மறுநாள் சாம்பிள் போகவேண்டிய நிலையில், இடது காலின் இரண்டாம் விரலில் குளிர் தட்டியது.

"மாஸ்டர், தண்ணி ஏறுது."

அவர் ஷூவை வாங்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. கத்தியை எடுத்து மேல்தோலைக் கிழித்தார். தோலுக்கும் உள்பக்க லைனிங் துணிக்கும் நடுவில் தண்ணீரைத் தடுக்க ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். லைனிங் ஓரிடத்தில் நைந்து, அந்தச் சவ்வில் ஒரு சின்னக் கிழிசல். அவர் தையல் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"உன் ஊசிதாம்மா இது. கண்ணு எங்க வெச்சுகினு தெச்ச? நாளைக்கு எதைம்மா அனுப்புவேன், உன் தலையையா?"

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். எனக்காகத்தான் பேசாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது.

"அக்கா இல்ல மாஸ்டர். என் மெட்டி" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். சாக்ஸைக் கழற்றினேன். பிளாஸ்திரி ஒரு பக்கம் தேய்ந்து, வெள்ளி தெரிந்தது.

"அட இன்னாமா நீ! கழட்டிட்டு இன்னொரு ஜோடியப் போடு. மொதல்லேர்ந்து நட. நடந்து பாஸ் ஆனாத்தான் நாளைக்கு அனுப்ப முடியும்."

"அவ ஊட்டுக்காரரு ஐசியூல கீறாரு மாஸ்டர்" என்றாள் அக்கா.

"தெரியும். அதுக்கு?" என்று கேட்டவர் டீ குடிக்க வெளியே போய்விட்டார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "முடியாதுன்னா மேனேஜர் கைல நீயே போய்ச் சொல்லிடுமா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மேனேஜர் அறை வாசல்வரை போனேன். கண்ணாடிக் கதவு வழியாக அவர் போன் பேசுவது தெரிந்தது. அந்தப் போனில்தான் எங்களுக்குப் படுக்கை கிடைத்தது. அங்கேயே நின்று நின்று திரும்பி வந்துவிட்டேன்.

ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரித் தரையில் காலை மடக்கியே உட்கார்ந்திருந்ததில் விரல்கள் வீங்கியிருந்தன. சோப்புப் போட்டுத் திருகினோம். வரவில்லை. அக்கா தையல் நூலை விரலைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றி, நூலின் மேலே மெட்டியை நகர்த்தினாள். வலது கால் மெட்டி தோலை உரித்துக்கொண்டு வந்துவிட்டது. இடது கால் மெட்டி அசையவே இல்லை. விரல் நீலம் பாய்ந்தது.

"வெட்டணும் மாஸ்டர்" என்றாள் அக்கா.

மாஸ்டர் ஆணி வெட்டுகிற கட்டரை எடுத்துவந்தார். என் காலுக்குப் பக்கத்தில் குந்தினார். கட்டரின் வாயைத் திறந்தார். அப்படியே இருந்தார். பிறகு எழுந்துவிட்டார்.

"எனக்கும் ஊட்ல பொண்டாட்டி கீறாமா. என் கையால இத வெட்ட மாட்டேன். மேனேஜரே வந்து சொன்னாலும் சரி."

"என்னாலயும் ஆவாதுடி" என்று அக்கா அழுதாள்.

கட்டர் தரையில் கிடந்தது. நானே எடுத்தேன். மனதில் சாமி பெயர் ஒன்றுகூட வரவில்லை. அவர் முகத்தை நினைத்துப் பார்த்தேன், குழாய் சொருகின முகம்தான் வந்தது. என்னை மன்னிச்சுடு, மன்னிச்சுடு என்று அதனிடம் சொல்லிக்கொண்டே அழுத்தினேன். வெள்ளி மிருதுவானது. சத்தமே இல்லாமல் அறுந்தது.

அதன் பிறகு தொட்டியில் நடந்தேன். போன் லாக்கரில் இருந்தது; சோதனை முடிகிறவரை எடுக்க முடியாது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எனக்குச் செய்தி கொண்டு யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் திரும்புகிற நேரத்தில் அங்கே என்னென்ன நடந்துவிடலாம் என்று ஒவ்வொன்றாக நினைத்தேன். அப்படிப்பட்ட நேரத்திலும் கால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. குதிகால் பிடித்த பிடியில் நின்றது, விரல்களுக்குத் தாராளமாக இடம் இருந்தது, தண்ணீரின் குளிர்கூட உள்ளே வரவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சுகமான ஒன்றைக் காலில் போட்டதில்லை. அந்தச் சுகத்தைப் பொறுக்க முடியாமல் தொட்டியிலேயே அழுதேன்.

"எங்கயாவது கடிக்குதாமா?" என்றார் மாஸ்டர் மெதுவாக.

"இல்ல மாஸ்டர். நல்லா இருக்கு."

லாக்கரைத் திறந்தபோது நாத்தனாரின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. உடனே அவளைக் கூப்பிட்டேன். ஒரு துண்டும் பவுடரும் வாங்கி வரச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள். "அப்படியேதான் கீறான். சீக்கிரம் வா" என்றாள்.

ஐசியூவுக்கு வெளியே செருப்பை விட வேண்டும். புடவைக் கரையை இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன். அவள் கண் நேராக அங்கேதான் போனது.

"கால காட்டு அண்ணி."

காட்டினேன்.

"வேலையில ஷூக்குள்ள தண்ணி ஏறிப்போச்சு... வேற வழி..."

"வேலயா? எங்கண்ணன் உள்ள மூச்சுக்கு இஸ்துகினு கீறான், உனுக்கு வேலயா? எவளுக்கு அந்த ஷூ?"

"வெளிநாட்டுல யாரோ."

"அவ புருசன் நல்லா இருப்பான், போ."

அப்போது கதவு திறந்து, ஒரு ஆள் வரலாம் என்று செக்யூரிட்டி கூப்பிட்டார். தினமும் நான்தான் போவேன். எழுந்தேன். நாத்தனார் என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ வராத. இந்தக் காலோட அவன் பக்கத்துல போவாத."

அவள் உள்ளே போனாள். நான் தடுக்கவில்லை. கதவு சாத்துவதற்குள் அவருடைய கட்டிலின் கால்பக்கம் மட்டும் தெரிந்தது, போர்வைக்கு வெளியே ஒரு பாதம். அது அசைகிறதா என்று பார்ப்பதற்குள் மூடிவிட்டார்கள்.

மறுநாள் நான் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன். காலை பதினோரு மணிக்கு அவர் கண் திறந்தார் என்று என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸ் என்னைக் காட்டி யார் என்று கேட்டபோது, அவர் என் பக்கம் திரும்பாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஷூ பாஸ் ஆகி மதியக் கூரியரில் போனது.