மழை நாளுக்கு ஒரு சர்வர்

"மழ பேஞ்ச அன்னிக்கு ஒரே நேரத்துல எத்தன பேரு உள்ள வரலாம்?"

பிளஸ் டூ முடித்து வேலை தேடுகிற எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நம்பி ரேணுகாதேவி அக்கா கேட்டார். சர்வர் விற்கிற கம்பெனிகளையே கேட்கச் சொன்னேன். அவர் கடை மின்விசிறியை நிறுத்தினார். போனில் முக்கியமாகப் பேசுவதற்கு முன் அப்படித்தான் செய்வார்.

திருச்சுழி ரோட்டில் அவருக்கு டிராக்டர் உதிரிபாகக் கடை. சுற்றுவட்டார டிராக்டர்காரர்களுக்காக ஒரு வெப்சைட்டும் நடத்துகிறார். உழவு வேண்டியவர்கள் அதில் பதிந்தால், வரிசைப்படி டிராக்டர் போகும். வருடம் முழுக்க அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மழை விழுந்த அன்று எல்லாரும் பார்ப்பார்கள். கரிசல் மண் பதத்துக்கு வந்ததும், ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். தவறினால் அந்த விதைப்புப் பட்டம் போனதுதான்.

போன வருடம் அந்த நாளில்தான் வெப்சைட் நின்றுபோனது. "அன்லிமிடெட்" என்று விற்கப்பட்ட மலிவான ஹோஸ்டிங், அதாவது வாடகை சர்வர் அது. முதலில் நுழைந்த சிலருக்கு மட்டும் டிராக்டர் கிடைத்தது. சொந்தமாகக் கரிசல் காடு வைத்திருக்கும் அக்காவும் அவர்களில் ஒருவர். "தங்காட்டப் போட்டுட்டு கதவச் சாத்திட்டா" என்று பந்தல்குடிப் பக்கம் பேசினார்கள். அக்கா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. இன்னொரு முறை நின்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். வேறு கம்பெனி தேடத் தொடங்கினார்.

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, போல்ட்டுகளைப் பிரித்துக்கொண்டே பேசுவார். "மாசத்துக்கு சராசரியா எத்தனை பேர் வருவாங்க மேடம்?" என்றார் ஒரு கம்பெனிக்காரர்.

"வருசத்து மழைய முந்நூத்தி அறுவத்தஞ்சால வகுத்தா எங்கூர்ல தெனமும் மழதான் தம்பி. காடு நனையணும்ல?"

அளவே இல்லை என்றவர்களைத் தள்ளிவிட்டார். இத்தனை பேர்தான், அதற்கு மேல் வந்தால் மெதுவாகும், மழை மாதத்துக்கு மட்டும் கூட்டிக்கொள்ளலாம் என்று சொன்ன ஒரு கம்பெனியைக் குறித்துக்கொண்டார். உடனே வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களுடைய உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு, ஒன்றுமில்லாத சந்தேகம் ஒன்றைக் கேட்டார். "சும்மா இருக்கப்பவே எடுக்காதவுக, மழையன்னிக்கா எடுக்கப் போறாக?" எடுத்தார்கள். அதன் பிறகுதான் பணம் கட்டினார்.

அடுத்து, பாரத்தைக் குறைக்க வெப்சைட்டிலிருந்த படங்களை எல்லாம் நீக்கினார். மாலை போட்ட டிராக்டர் பக்கத்தில் மீசையோடு நின்ற டிராக்டர்காரர் உக்கிரபாண்டியும் போனார். அவர் கடைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, எம் மூஞ்சி அம்புட்டுக் கனமா?"

"மூஞ்சி இல்ல மாமா. மீசதான்."

அவர் சிரித்துக்கொண்டே கலப்பைக் கொழு வாங்கிப் போனார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை ஊற்றியது. விடுவதற்குள்ளேயே எல்லாரும் வெப்சைட்டுக்கு வந்துவிட்டார்கள். அது மெதுவானது, ஆனால் நிற்கவில்லை. பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறின. அக்காவின் தோளுக்குப் பின்னால் அவர் தம்பி அய்யப்பன் நின்று எட்டிப் பார்த்தார்.

"யக்கா, நீதான் உள்ளயே இருக்கியே. நம்ம காட்ட மொதல்ல போட்டுரு. யாருக்குத் தெரியப்போகுது?"

அக்கா நிர்வாகிக்கான பக்கத்திலிருந்து வெளியே வந்தார். தன் போனை எடுத்து, ஊரார் எல்லாரும் திறக்கிற அதே பக்கத்தைத் திறந்தார். திரையில் வட்டம் சுற்றியது. போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்து, அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் காட்டுக்கு வரிசைப்படி, உழவின் கடைசி நாளில்தான் டிராக்டர் போனது. பந்தல்குடிப் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள்.