வேகாத அரிசியோடு போன கேரியர்

மாமல்லபுரத்தில் மாணவிகளுக்குச் சிற்பங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். கல்லூரி ஊழியர் ஒருவர் பஸ் பிடித்து வந்து நின்றார். "உங்க பக்கத்து வூட்டு ரஹ்மத் அம்மா தவறிட்டாங்களாம், மேடம்" என்றார். சுற்றிலும் கல் கொத்தும் சத்தம். சரியாகத்தான் கேட்டது. ஆனாலும் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

செங்கல்பட்டு வந்து சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். ரஹ்மத் அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அந்த வியாழக்கிழமை நினைவிருக்கும். நம் பள்ளிவாசலில் தொழுகைக்குக் கூப்பிட்டுப் பாங்கு சொல்லும் மோதினாருக்கு அப்போது சம்பளம் பேருக்குத்தான். ஜமாஅத் வீடுகள் முறைவைத்துச் சாப்பாடு அனுப்பும். வியாழன் அக்காவின் முறை. ஒருநாள் அரசு ஆஸ்பத்திரியில் மோதினார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அக்கா பார்த்துவிட்டார். குடல்புண். காரமே கூடாது என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருக்கிறார். மனிதர் எல்லா வீட்டுக் காரத்தையும் வாய் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்டதற்கு, "குடுக்கறவங்ககிட்ட காரத்த கொறைங்கன்னு எப்டிம்மா கேக்கறது?" என்றாராம்.

அன்று மாலை மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று இதை என்னிடம் சொன்னார். "அவரு சம்சாரம் மதுராந்தகத்தாண்ட தனியா கீறா. வூடும் ஒழுங்கான சம்பளமும் குடுத்தா அவ வந்து பொங்கிப் போட மாட்டாளா?" பள்ளிவாசல் கமிட்டியிடம் இதெல்லாம் நடக்காது என்றேன். நான் அப்படித்தான் சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.

கமிட்டியும் நான் நினைத்தபடியே பேசியது. இது மார்க்கப் பணி, கூலி மறுமையில் கிடைக்கும் என்றார்கள். அதை வீட்டில் வந்து சொன்னவர் அக்காவின் கணவர் யூசுப் பாய். அவரும் கமிட்டியில் இருந்தார். அக்கா சோறு போட்டுக்கொண்டே, "அல்லா குடுக்கறத அல்லா குடுப்பான். நீங்க குடுக்க வேண்டியத நீங்க குடுங்க" என்றாராம்.

அடுத்த வியாழன் கேரியரில் வேகாத அரிசியும் பருப்பும் போயின. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தும் அப்படியே. சனிக்கிழமையும். அக்கா எல்லாச் சமையலறைகளிலும் பேசி வைத்திருந்தார். மோதினாருக்கு மட்டும் பக்கத்துத் தையல் கடையில் இடியாப்பமும் பாலும் காத்திருந்தன. கமிட்டித் தலைவரான முத்தவல்லி கேரியரைத் தூக்கிக்கொண்டு யூசுப் பாய் வீட்டுக்கே வந்துவிட்டார். "இன்னாம்மா இது? மனுசன் அரிசிய அப்டியே துன்னுவாரா?" கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா சொன்னது எனக்குச் சுவரைத் தாண்டிக் கேட்டது: "பொங்கறதுக்கு அவரு சம்சாரத்த இட்டுகினு வாங்க."

நோன்புக்கு முன்பே பள்ளிவாசலை ஒட்டிய கிடங்கைக் காலி செய்து வீடாக்கினார்கள். சம்பளம் கூடியது. ஊருக்குப் போய்வர மாதம் ஒருநாள் விடுப்பும் கிடைத்தது. அன்றைக்கு யார் பாங்கு சொல்வது என்ற பேச்சு வந்தபோது யூசுப் பாய் முன்வந்தார். "நம்ம பாய் கூப்ட்டா, வந்துகினு இருக்கறவங்களும் திரும்பிடுவாங்க, டீச்சர்" என்று அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சாவு வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது. அக்காவை அடக்கம் செய்த அன்றிரவே முதல் சாப்பாடு அந்தக் கிடங்கு வீட்டிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் மோதினாரின் மனைவி மைமூன். அழுது முகம் வீங்கியிருந்தது. கரண்டியை எடுத்தவர், பரிமாறாமல் எங்களைப் பார்த்தார். "காரம் ஆவாதவங்க யாராச்சும் கீறீங்களா? தனியா வெச்சிகீறேன்."

யூசுப் பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். கொடுக்கிறவர்தான் முதலில் கேட்க வேண்டும். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவள் நான். "இன்னா டீச்சர், துன்னியா?" என்று மாலைதோறும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். நேற்றும் அந்த நேரத்துக்கு, கையில் தட்டோடு, சுவரோரம் போய் நின்றேன்.